கடலில் எண்ணெய் படர்ந்தால்

என் ஊர் கூத்தாநல்லூர். திருவாரூருக்கும் மன்னார்குடிக்கும் இடையே நெல் வயல்களின் நடுவே அமைந்தது. அங்கே நின்று பார்த்தால் கடல் தெரியாது, அலையோசையும் கேளாது. "கடலில் எண்ணெய் கொட்டினால் வயலில் நிற்கும் நமக்கு என்ன?" என்று எங்கள் ஊர்ப் பிள்ளைகள் கேட்பதுண்டு. கேட்கத்தக்க கேள்விதான். நம் பகுதி வயல்களில் பாய்ந்து வடிகின்ற நீர் எங்கே செல்கிறது? கோரையாறு, பாமணியாறு முதலிய கிளைகளின் வழியே தெற்கே முத்துப்பேட்டைக் கழியில் சென்று கலக்கிறது. அக்கழியின் வாய் கடலை நோக்கித் திறந்திருக்கிறது. ஓதம் ஏறும்போது கடல்நீர் உள்ளே புகும். கடல்நீர் புகும் வழியில் எண்ணெயும் புகும்.

இது வெறும் கற்பனை என்று எண்ணிவிட வேண்டா. 2023ஆம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் நாகூரை அடுத்த பட்டினச்சேரிக் கடலில், அடியில் பதித்திருந்த குழாயிலிருந்து கச்சா எண்ணெய் கசிந்து நீரின்மேல் படர்ந்தது. அவ்விடம் எங்கள் ஊருக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவுதான்.

அதற்கு ஆறு ஆண்டுகள் முன்னர், 2017 ஜனவரி 28 அதிகாலையில், சென்னைக்கு வடக்கே எண்ணூர்க் காமராசர் துறைமுகத்துக்கு அருகில் இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. கசிந்த எண்ணெய் எர்ணாவூர், திருவொற்றியூர்க் கரைகளில் தார்போல் ஒதுங்கிற்று. இயந்திரங்களைக் கொண்டு உறிஞ்ச முயன்றபோது அதன் கெட்டித்தன்மை இடையூறாயிற்று. கடலோரக் காவல் படையினருடன் மீனவர்களும் கல்லூரி மாணவர்களும் பாறைகளின் இடுக்கில் இறங்கி வாளிகளால் அள்ளினார்கள். அவர்களுடைய நல்லெண்ணத்தை யாரும் குறை கூறவியலாது. ஆயினும் கையுறையும் காலணியும் இன்றிப் பலர் அதில் இறங்கினர் என்பதை நினைக்கையில் நெஞ்சு பதறுகிறது. தொண்டர் வேண்டும், அத்தொண்டர் முன்னரே பயிற்சி பெற்றவராயிருத்தல் வேண்டும் என்பதற்காகவே இன்று பேசுகிறேன்.

கடலில் விழுந்த எண்ணெய் என்ன செய்கிறது? முதலில் மெல்லிய படலமாக விரிகிறது. அதன் இலேசான பகுதிகள் சில மணி நேரத்தில் ஆவியாகின்றன. அந்த ஆவியில் பென்சீன் போன்ற நச்சுப் பொருள்கள் உண்டு. தலைவலியும் மயக்கமும் உண்டாகும். ஆகவே புதிய எண்ணெயின் அருகே முதற்பொழுதில் அவசரப்பட்டு ஓடலாகாது. காற்று வரும் திசையில் நிற்கவேண்டும். எஞ்சிய கனமான பகுதியை அலைகள் மத்துப்போலக் கடைகின்றன. எண்ணெய் நீரை உள்வாங்கிக் குழம்பாகிறது. அளவு மூன்று நான்கு மடங்கு பெருகுகிறது. ஒரு குடம் எண்ணெய் கசிந்த இடத்தில் நான்கு குடம் கழிவை அள்ள நேர்வது இதனாலேதான்.

தொண்டர்களால் பேருதவி விளையக்கூடிய நேரம் எதுவென்று கேட்டால், எண்ணெய் கரைசேருவதற்கு முந்திய நேரம் என்பேன். கரையில் கிடக்கும் பாசி, மரத்துண்டு, கிழிந்த வலை, பிளாஸ்டிக் முதலியவற்றை அப்போதே வாரி ஓத எல்லைக்கு மேலே குவித்துவிட்டால், அவை எண்ணெயில் தோயமாட்டா. தோயாத குப்பை சாதாரணக் குப்பை. தோய்ந்தாலோ அது அபாயக் கழிவாகி, பிரித்து எடுத்துச் சென்று பக்குவமாக அழிக்கவேண்டிய பாரமாகிறது. இவ்வேலைக்கு வேண்டியவை ஒரு கூடையும் முற்கூட்டிய எச்சரிக்கையுமே. பத்திரிகைகளில் படமாக வராத வேலை இது. அதனால்தானோ என்னவோ, பலருக்கும் நினைவுக்கு வருவதில்லை!

எண்ணெய் வந்த பின்னர் கரையை மூன்றாகப் பிரித்துக்கொள்வர்: அழுக்குப் பகுதி, கழுவி உடைமாற்றும் பகுதி, தூய பகுதி. இல்லாவிடில் காலில் ஒட்டிய எண்ணெய் ஊருக்குள் வந்துவிடும். மேல்மண்ணை மட்டும் மெல்ல வழித்தெடுக்கவேண்டும். ஆழத் தோண்டினால் கடற்கரையே கரைந்துபோக வழியாகும். திரவத்தையும் மணலையும் குப்பையையும் தனித்தனியே சேர்க்கவேண்டும். சோப்புத் தூளையோ வேறு இரசாயனத்தையோ தம் விருப்பம்போல் தெளிக்கலாகாது. 1967இல் டாரி கான்யன் என்னும் கப்பல் இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையருகே உடைந்தபோது தெளித்த அழுக்குநீக்கிகள், எண்ணெயினும் மிகுதியாகக் கரையோர உயிர்களைக் கொன்றன.

தமிழர் பலர் வாழும் மொரீஷியஸ் தீவின் கதை நமக்கு மிக நெருக்கமானது. 2020 ஜூலை 25இல் வகாஷியோ என்னும் கப்பல் அங்கே பவளப்பாறையில் ஏறிற்று. ஆகஸ்டு 6 முதல் எண்ணெய் ஒழுகத் தொடங்கி, ஏறத்தாழ 1000 டன் கடலில் கலந்தது. மக்கள் கரும்புச் சோகையைத் துணிப் பைகளில் திணித்து, வெற்றுப் புட்டிகளைக் கட்டி, மிதக்கும் தடுப்புகளைத் தாமே தைத்தார்கள். நம் நாட்டில் வைக்கோலுக்குக் குறைவில்லை. அதுவும் எண்ணெயை உறிஞ்சும். ஆனால் நீரில் ஊறினால் அமிழ்ந்துவிடும். ஆகவே இட்டவுடன் கண்காணித்து எடுக்கும் ஆள் வேண்டும்.

இனி முத்துப்பேட்டைக்கு வருவோம். அங்குள்ள அலையாத்தி மரங்கள் சேற்றிலிருந்து விரல்விரலாக மேலே நீட்டும் வேர்களால் மூச்சு விடுகின்றன. எண்ணெய் அவற்றின் நுண்துளைகளை அடைத்துவிட்டால் மரம் மூச்சுத் திணறி மடியும். துடைக்கலாம் என்று நூறு பேர் உள்ளே இறங்கினாலோ, அவர்களுடைய கால்களே எண்ணெயைச் சேற்றுக்குள் மிதித்துப் புதைத்துவிடும்; பின்னர் அது பல ஆண்டுகள் நீங்காது. ஆகையால் அலையாத்திக் காட்டுக்குள் தொண்டர் செல்லாதிருப்பதே தொண்டு. செய்யவேண்டியதைக் கழியின் வாயிலிலேயே, மிதவைத் தடுப்பைக் கொண்டு செய்யவேண்டும்.

மிதவைத் தடுப்பை எப்படிக் கட்டுவது என்பதில் எங்கள் உழவர் ஏற்கெனவே பாதி தேர்ச்சி பெற்றவர். வாய்க்காலில் ஆகாயத்தாமரை மிதந்து வரும்போது மூங்கிலை நேர்குறுக்கே கட்டமாட்டார், சாய்த்துக் கட்டுவார். செடி தானே ஒரு கரைக்கு ஒதுங்கும். அங்கே நின்று இழுத்துப்போடலாம். எண்ணெய்க்கும் அதுவே முறை. நீரோட்டம் விநாடிக்கு 35 சென்டிமீட்டர் வேகத்தைத் தாண்டினால், நேர்குறுக்கே கட்டிய தடுப்பின் அடியில் எண்ணெய் நுழைந்து போய்விடும்.

1996 முதல் நம் நாட்டுக்கு எண்ணெய்க்கசிவு பற்றிய தேசியத் திட்டம் ஒன்று உண்டு. அதை நடத்தும் பொறுப்பு கடலோரக் காவல் படையினுடையது. தொண்டர் அவர்களுடைய சொற்படி இயங்குவதே முறை. ஆயினும் பழகிக்கொள்ள எண்ணெய் தேவையில்லை. எண்ணெய்க்குப் பதிலாக உமியை நீரில் இறைத்துப் பயிற்சி செய்யலாம். அதுவும் படலமாகவே மிதந்து செல்லும். மேட்டூர் அணை திறந்து வாய்க்காலில் நீர் ஓடும் நாள்களில் ஒரு பிற்பகல் போதும். இரண்டு மூங்கில், ஒரு கயிறு, ஒரு சாக்கு உமி, பத்துப் பிள்ளைகள். தடுப்பை நேராகவும் சாய்வாகவும் கட்டிப் பார்க்கலாம். எவ்வளவு உமி தப்பியது என்று கணக்கிடலாம். தப்பிய உமியைக் கீழே ஒரு வலையிட்டு மறவாமல் பிடித்துவிட வேண்டும். இல்லையேல் கீழ்மடைக்காரர் தம் மதகு அடைபட்டதென்று சண்டைக்கு வருவார்.