கண்புரை காத்திருக்கும்; விழித்திரை காத்திருக்காது!

அமெரிக்காவில் படித்து, சென்னைக்குத் திரும்பிய டாக்டர் பத்ரிநாத்தின் கதை

ஜவ்வாது மலையில் காவலூர் என்று ஒரு ஊர் இருக்கிறது. ஆலங்காயத்தில் இருந்து மலை ஏறினால் வரும்.

அங்கே வானத்தைப் பார்த்தபடி ஒரு ராட்சத தொலைநோக்கி நிற்கிறது. அதன் கண்ணாடி மட்டும் 2.34 மீட்டர் அகலம். 1986-ம் ஆண்டு ஜனவரி மாதம் பிரதமர் ராஜீவ் காந்தி அதைத் தொடங்கி வைத்தார்.

வெறும் கண்ணுக்குத் தெரியாத நட்சத்திரத்தை எல்லாம் அது பிடித்துவிடும். ஆனால் ஒன்று. கண்ணாடி எவ்வளவு பெரிதாக இருந்தால் என்ன? அது குவிக்கும் வெளிச்சத்தை வாங்கிக்கொள்ள பிலிமோ, கேமராவோ இருக்க வேண்டும். அது கெட்டுப் போனால் அத்தனை பெரிய தொலைநோக்கியும் குருடுதான்!

நம் கண்ணும் அப்படித்தான். முன்னால் லென்ஸ். பின்னால் பிலிம். அந்த பிலிமுக்குத்தான் விழித்திரை என்று பெயர். டாக்டர்கள் 'ரெட்டினா' என்பார்கள். கனம் அரை மில்லி மீட்டருக்கு உள்ளேதான். அதற்குள் வெளிச்சத்தை உணரும் நுண்ணறைகள் 12 கோடிக்கு மேல்!

முன்னால் இருக்கும் லென்ஸ் மங்கினால் அது கண்புரை. பழைய லென்சை எடுத்துவிட்டு வேறு வைத்துவிடலாம். சில மாதம் தள்ளிப் போனாலும் பெரும்பாலும் பார்வை திரும்பிவிடும்.

விழித்திரை கெட்டுப் போனால்? புதிதாக வாங்கி வைக்க உலகத்தில் எங்கும் கடை கிடையாது.

அந்த பிலிமைக் காப்பாற்றுவதையே வாழ்நாள் வேலையாகக் கொண்ட ஒருவர் சென்னையில் இருந்தார். டாக்டர் எஸ்.எஸ்.பத்ரிநாத். 'சங்கர நேத்ராலயா' கண் ஆஸ்பத்திரியை நிறுவியவர். 2023-ம் ஆண்டு நவம்பர் 21-ந் தேதி தமது 83-வது வயதில் காலமானார்.

இன்சூரன்ஸ் பணத்தில் படிப்பு

பத்ரிநாத் பிறந்தது 1940-ம் ஆண்டு பிப்ரவரி 24-ந் தேதி. ஊர், சென்னை திருவல்லிக்கேணி. அப்பா ரெயில்வே என்ஜினீயர்.

சின்ன வயதில் உடம்புக்கு முடியாமல் இருந்ததால் ஏழு வயதில்தான் பள்ளிக்கூடம் போனார். விடலைப் பருவத்திலேயே தாயும் போனார், தந்தையும் போனார். அப்பா இறந்தபோது வந்த இன்சூரன்ஸ் பணம்தான் பையனை டாக்டருக்குப் படிக்க வைத்தது.

சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கிக்கொண்டு அமெரிக்கா போனார். நியூயார்க்கில் கண் மருத்துவம் படித்தார். அங்கேதான் டாக்டர் வசந்தியைச் சந்தித்தார். பிறகு அவரே மனைவி ஆனார்.

கடைசியாகப் போய்ச் சேர்ந்த இடம் பாஸ்டன் நகரம். அங்கே விழித்திரை வைத்தியத்தில் உலகத்துக்கே குரு ஒருவர் இருந்தார். பெயர், சார்லஸ் ஷெப்பன்ஸ்.

மர மில் நடத்திய குரு!

இந்த ஷெப்பன்ஸ் கதையே ஒரு சினிமா.

பெல்ஜியம் நாட்டுக்காரர். இரண்டாம் உலக யுத்தத்தின்போது ஹிட்லரின் ரகசிய போலீசார் அவரைத் தேடினார்கள். பெயரை மாற்றிக்கொண்டு பிரான்சு நாட்டின் எல்லையில் ஒரு மலை ஊருக்கு ஓடினார். அங்கே மர மில் நடத்தினார். காட்டில் இருந்து மரம் இறக்க ஒரு ரோப்கார் இருந்தது. பகலில் மரம் அறுப்பு. மறைவில் வேறு வேலை! நாஜிகளிடம் இருந்து தப்பி வந்த 100-க்கும் மேற்பட்டவர்கள் அந்த வழியாக மலையைக் கடந்து ஸ்பெயின் நாட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

பிறகு அவரும் தப்பி லண்டன் வந்தார். அங்கே ஒரு கருவியைச் செய்தார். டாக்டர் அதைத் தலையில் மாட்டிக்கொண்டு, இரண்டு கண்ணாலும் நோயாளியின் கண்ணுக்குள்ளே பார்க்கலாம். விழித்திரையின் ஓரம் வரை தெரியும். இன்றைக்கும் கண் ஆஸ்பத்திரியில் டாக்டர் நெற்றியில் விளக்கு கட்டிக்கொண்டு நம்மைப் பார்க்கிறாரே, அதுதான்!

யுத்தம் முடிந்து பாஸ்டனுக்குப் போன ஷெப்பன்ஸ், அங்கே இரண்டு காரியம் செய்தார். ஆஸ்பத்திரியில் விழித்திரைக்கென்று தனிப் பிரிவு. கூடவே, 1950-ம் ஆண்டு விழித்திரை ஆராய்ச்சிக்கு ஒரு நிறுவனம். வைத்தியம் ஒரு கை, ஆராய்ச்சி மறு கை. சிஷ்யர் பத்ரிநாத் கற்றுக்கொண்டு வந்த பாடமும் இதுதான்.

ஆராய்ச்சி எதற்கு?

'நோயாளி துடிக்கும்போது ஆராய்ச்சி எதற்கு?' என்று யாருக்கும் தோன்றும். விழித்திரை வைத்தியத்தைப் பொறுத்தவரை, ஆராய்ச்சி இல்லாவிட்டால் வைத்தியமே இல்லை.

நூறு வருடத்துக்கு முன்பு விழித்திரை பிரிந்தால் பார்வை போனது போனதுதான். விழித்திரையில் விழும் கிழிசல்தான் அதற்குக் காரணம் என்று கண்டுபிடித்து, அதைச் சூடு வைத்து அடைத்தவர் சுவிட்சர்லாந்து டாக்டர் ஜூல்ஸ் கோனின்.

1945-ல் ஒரு சூரிய கிரகணம். வெறும் கண்ணால் பார்த்தவருக்கு விழித்திரையில் சூடு பட்டுவிட்டது. அந்தத் தழும்பைப் பார்த்தார் ஜெர்மன் டாக்டர் மேயர்-ஷ்விக்கெராத். 'கெடுக்கிற வெளிச்சத்தை வைத்தே கிழிசலை ஒட்டினால் என்ன?' என்று யோசித்தார். முதலில் சூரிய வெளிச்சத்தையே கண்ணாடி வைத்துக் குவித்து ஒட்டினார்! இன்றைய லேசர் வைத்தியத்துக்கு அதுதான் பிள்ளையார் சுழி.

சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு லேசர் பலன் தருமா? அமெரிக்காவில் 1,700-க்கும் மேற்பட்ட நோயாளிகளுக்கு ஒரு கண்ணில் மட்டும் லேசர் வைத்தார்கள். மறு கண்ணை விட்டுவைத்தார்கள். 1976-ல் முடிவு வந்தது. லேசர் வைத்த கண்ணில் பார்வை அடியோடு போகும் ஆபத்து பாதிக்கு மேல் குறைந்திருந்தது. உடனே விட்டுவைத்த கண்ணுக்கும் வைத்தியம் செய்யச் சொல்லிவிட்டார்கள்.

திரும்பி வந்தார்

அமெரிக்காவிலேயே தங்கியிருந்தால் பணத்துக்குக் குறைவு இருந்திருக்காது. 1970-ல் பத்ரிநாத் சென்னைக்குத் திரும்பினார்.

காவலூர் வானாய்வுக் கூடத்தை உருவாக்கிய வைணு பாப்புவும் அதே பாஸ்டன் பக்கம், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டுத் திரும்பியவர்தான். வானத்தைப் பார்க்க ஒருவர் ஜவ்வாது மலை ஏறினார். கண்ணுக்குள் பார்க்க ஒருவர் சென்னையில் வந்து இறங்கினார்!

அடையாறு வி.எச்.எஸ். ஆஸ்பத்திரியில் பத்ரிநாத் ஆறு வருடம் வேலை பார்த்தார். வடபழனி விஜயா ஆஸ்பத்திரியிலும் வைத்தியம் செய்தார்.

1974-ல் காஞ்சி சங்கராச்சாரியார் ஜெயேந்திரர், சேவை மனப்பான்மை உள்ள ஒரு ஆஸ்பத்திரி வேண்டும் என்று டாக்டர்களிடம் எடுத்துச் சொன்னார். அது பத்ரிநாத்தின் மனதில் தைத்தது. 1978-ம் ஆண்டு செப்டம்பர் 6-ந் தேதி 'சங்கர நேத்ராலயா' பிறந்தது. வசதி உள்ளவர் பணம் கட்டுவார். ஏழைக்கு இலவசம்.

ஆஸ்பத்திரியோடு ஆராய்ச்சிக்கும் தனி அமைப்பு. 1983-ல் பத்மஸ்ரீ, 1999-ல் பத்மபூஷண் விருதுகள் அவரைத் தேடி வந்தன.

வெட்டி எடுத்த சவ்வு

அந்த ஆராய்ச்சியில் என்ன நடந்தது? ஒரு உதாரணம்.

'ஈல்ஸ்' என்று ஒரு கண் நோய். இருபது, முப்பது வயது வாலிபர்களுக்கு வரும். நல்ல திடகாத்திரமான ஆள், திடீரென்று கண்ணுக்குள் ரத்தம் கசிந்து பார்வை மறைந்துவிடும். நம் நாட்டில் இது அதிகம். வெள்ளைக்காரர்கள் நாட்டில் குறைவு. நம்ம ஊர் நோய்க்கு நாம்தானே காரணம் தேட வேண்டும்?

ஆபரேஷனில் வெட்டி எடுத்த சவ்வைக் குப்பையில் போடாமல் ஆராய்ச்சிக் கூடத்துக்கு அனுப்பினார்கள். டாக்டர் எச்.என்.மாதவன் குழுவினர் சோதித்தார்கள். ஏறக்குறைய பாதிப் பேரின் சவ்வில் காசநோய் கிருமியின் மரபணு இருந்தது! வேறு நோய்க்காக எடுத்த சவ்வுகளில் அது மிகவும் குறைவு. 2000-ம் ஆண்டு இது வெளிநாட்டு மருத்துவ இதழில் வெளியானது.

100-க்கு 18 பேர்

இன்னொன்று நம் எல்லோருக்கும் சம்பந்தப்பட்டது.

சென்னையில் 40 வயதைத் தாண்டிய சுமார் 6 ஆயிரம் பேரை சங்கர நேத்ராலயா டாக்டர்கள் ஆராய்ந்தார்கள். 2009-ல் முடிவு வெளிவந்தது. சர்க்கரை வியாதி உள்ளவர்களில் 100-க்கு 18 பேருக்கு விழித்திரையில் பாதிப்பு!

இதில் வேதனை என்னவென்றால், ஆரம்பத்தில் வலி இருக்காது. பேப்பர் படிக்க முடியும். கல்லாவில் உட்கார்ந்து சில்லறை எண்ண முடியும். 'எனக்கென்ன, நல்லாத்தானே தெரியுது' என்று இருந்துவிடுவார்கள். மங்கலாகிறது என்று ஓடி வரும்போது பாதி போயிருக்கும்.

மலையில் இருப்பவர் என்ன செய்வார்?

சென்னைக்காரர் பஸ் பிடித்து நுங்கம்பாக்கம் போய்விடலாம். ஜமுனாமரத்தூரில் தேனும் சாமையும் விற்றுப் பிழைக்கும் மனிதர்? அவர் போளூருக்கோ, வேலூருக்கோ மலை இறங்க வேண்டும். ஒரு நாள் கூலி போய்விடும்.

கண்புரை ஆபரேஷனையே கிராமத்துக்குக் கொண்டுபோக, சென்னை ஐ.ஐ.டி. உதவியோடு 2011-ல் ஆபரேஷன் தியேட்டர் பஸ்சை சங்கர நேத்ராலயா உருவாக்கியது. விழித்திரை ஆபரேஷனை அப்படி வண்டியில் வைத்துச் செய்துவிட முடியாது. ஆனால் கண்டுபிடிப்பதை ஊருக்குக் கொண்டுபோகலாம்.

அதற்கும் வழி பிறந்தது. 2003-ல் 'இஸ்ரோ' செயற்கைக்கோள் உதவியோடு கிராமத்துக்கு வேன் போனது. கிராமவாசியின் கண்ணை அங்கே படம் பிடித்தால், சென்னையில் டாக்டர் பார்த்துச் சொல்வார். 2016-ல் இன்னொரு படி. விழித்திரைப் படத்தைப் பார்த்து சர்க்கரை பாதிப்பைக் கண்டுபிடிக்க கம்ப்யூட்டருக்கே 'கூகுள்' கம்பெனியார் கற்றுக்கொடுத்தார்கள். பாடப் புத்தகமாக இருந்தவை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் படங்கள். அதில் மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா நோயாளிகளின் படங்களும் சேர்த்தி!

இந்த வசதி எல்லாம் மலைக் கிராமம் ஒவ்வொன்றிலும் நிரந்தரமாக நிற்க வேண்டும். இல்லாவிட்டால், நகரத்தில் தப்பிக்கும் பார்வை மலையில் தப்பிக்காது.

உடனே ஓடுங்கள்!

கண்ணுக்குள் திடீரென்று மின்னல் அடிக்கிறதா? கரும்புள்ளிகள் கும்பலாகப் பறக்கின்றனவா? ஓரத்தில் திரை விழுந்தது போல மறைக்கிறதா? விழித்திரை கிழிகிறது அல்லது பிரிகிறது என்று அர்த்தமாக இருக்கலாம்.

அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். நடுப்பகுதி பிரிவதற்குள் ஆபரேஷன் செய்தால் பார்வை பெரும்பாலும் தங்கும். 'தீபாவளி முடியட்டும், கடையை யார் பார்ப்பது' என்று நாள் கடத்தினால், ஆபரேஷன் ஜெயித்தாலும் பழைய பார்வை வராது.

சர்க்கரை வியாதி இருந்தால், கண் நன்றாகத் தெரிந்தாலும் வருடத்துக்கு ஒரு முறை சொட்டு மருந்து விட்டுப் பாப்பாவை விரித்து, விழித்திரையைச் சோதித்தே ஆக வேண்டும். சோதனைக்குப் பிறகு கொஞ்ச நேரம் கண் கூசும், எழுத்து தெரியாது. அரை நாள் லீவு போட்டால் போதும்.