தரப்புள்ளி அறிவோம்

நுழையும்முன்

பள்ளியில் மாணவரின் தேர்ச்சியை மொத்த மதிப்பெண் காட்டுகிறது. கல்லூரியில் அதனைத் தரப்புள்ளிச் சராசரி காட்டுகிறது. பத்துக்குள் அடங்கும் அச்சிற்றெண் எவ்வாறு உருவாகிறது? எப்போது எளிதில் உயரும்? எப்போது உயர மறுக்கும்? இவற்றைக் கல்லூரி வாயிலை மிதிக்கும் முன்பே அறிந்தவர், தம் படிப்பைத் திட்டமிட்டு நடத்த இயலும். அக்கணக்கையும் அதனால் விளையும் பயனையும் விளக்குகிறது இப்பாடம்.

மொத்தமும் சராசரியும்

மேல்நிலை வகுப்பில் பாடங்கள் ஆறு, ஒவ்வொன்றுக்கும் 100 மதிப்பெண், மொத்தம் 600. தமிழில் கூடுதலாகப் பெறும் ஐந்து மதிப்பெண்ணும் இயற்பியலில் கூடுதலாகப் பெறும் ஐந்து மதிப்பெண்ணும் மொத்தத்தை ஒரே அளவில்தான் உயர்த்தும். கல்லூரியில் நிலைமை வேறு. அங்குப் பாடங்கள் யாவும் ஒரே எடையுடையன அல்ல. வாரத்தில் ஐந்து மணி நேரம் நடக்கும் முதன்மைப் பாடத்தையும் ஒரு மணி நேரமே நடக்கும் பாடத்தையும் சமமாகக் கருதுதல் முறையன்று. எனவே ஒவ்வொரு பாடத்துக்கும் ஓர் எடை வகுக்கப்பட்டுள்ளது. அதுவே ‘கிரெடிட்’ எனக் கல்லூரிகளில் வழங்கப்படுகிறது.

பல்கலைக்கழக மானியக் குழு 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி, வாரத்துக்கு ஒரு மணி நேர வகுப்பு ஒரு பருவம் முழுவதும் நடைபெற்றால் அஃது ஒரு கிரெடிட் ஆகும். செய்முறை வகுப்பாயின் வாரத்துக்கு இரண்டு மணி நேரம் ஒரு கிரெடிட் ஆகும். கிரெடிட் என்பது மாணவர் ஈட்டிய மதிப்பெண் அன்று. பாடத்துக்கு முன்னரே குறிக்கப்பட்ட எடை என்பதை இங்கு மனத்தில் கொள்ள வேண்டும்.

எழுத்தும் புள்ளியும்

கணக்கின் மற்றொரு கூறு தரப்புள்ளி. மாணவர் பெற்ற மதிப்பெண், முதலில் ஒரு தர எழுத்தாகவும் பின்னர் அதற்குரிய புள்ளியாகவும் மாற்றப்படுகிறது. அம்மாற்றத்துக்கான அளவுகோல் ஒன்று பின்வருமாறு:

91 முதல் 100 வரை – ‘ஓ’ – 10 புள்ளி
81 முதல் 90 வரை – ‘ஏ பிளஸ்’ – 9 புள்ளி
71 முதல் 80 வரை – ‘ஏ’ – 8 புள்ளி
61 முதல் 70 வரை – ‘பி பிளஸ்’ – 7 புள்ளி
56 முதல் 60 வரை – ‘பி’ – 6 புள்ளி
50 முதல் 55 வரை – ‘சி’ – 5 புள்ளி

ஐம்பதுக்குக் கீழ்ப் பெற்றால் புள்ளி இல்லை. அத்தேர்வை மீண்டும் எழுத வேண்டும். இம்முறையில் 71 பெற்றவருக்கும் 80 பெற்றவருக்கும் ஒரே புள்ளிதான். ஆனால் 80 பெற்றவருக்கும் 81 பெற்றவருக்கும் இடையே ஒரு முழுப்புள்ளி வேறுபாடு உண்டு. எல்லைக்கோட்டின் அருகில் நிற்கும் மாணவருக்கு ஒற்றை மதிப்பெண்ணும் பெருஞ்செல்வமே.

இவ்வளவுகோல் எல்லா இடங்களிலும் ஒன்றுபோல் இருப்பதில்லை. மதிப்பெண்ணைப் பத்தால் வகுத்து வரும் எண்ணையே தரப்புள்ளியாகக் கொள்ளும் பல்கலைக்கழகங்களும் உள்ளன. ஆகவே தாம் சேரும் கல்லூரியின் விதிமுறையைப் படித்தறிவதே மாணவரின் முதற்கடமை.

பருவச் சராசரி

ஐந்து கிலோ அரிசியும் ஒரு கிலோ பருப்பும் வாங்கிய ஒருவர், இரண்டின் கிலோ விலையையும் கூட்டி இரண்டால் வகுத்தால் சரியான சராசரி கிடைக்காது. ஒவ்வொன்றின் விலையையும் அதன் எடையால் பெருக்கிக் கூட்டி, மொத்த எடையால் வகுக்க வேண்டும். தரப்புள்ளிச் சராசரியும் அவ்வாறே கணக்கிடப்படுகிறது. ஒவ்வொரு பாடத்தின் கிரெடிட்டையும் அதில் பெற்ற தரப்புள்ளியால் பெருக்க வேண்டும். பெருக்கி வந்தவற்றைக் கூட்ட வேண்டும். அக்கூட்டுத்தொகையை மொத்தக் கிரெடிட்டால் வகுக்க வேண்டும்.

ஒரு மாணவியின் முதற்பருவத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம்:

தமிழ்: 3 கிரெடிட் × 9 புள்ளி = 27
ஆங்கிலம்: 3 × 6 = 18
முதன்மைப் பாடம் ஒன்று: 5 × 7 = 35
முதன்மைப் பாடம் இரண்டு: 5 × 8 = 40
துணைப்பாடம்: 3 × 5 = 15
செய்முறை: 1 × 10 = 10

மொத்தக் கிரெடிட் 20. பெருக்கற்பலன்களின் கூட்டுத்தொகை 145. எனவே அவர்தம் பருவச் சராசரி 7.25 ஆகும். ஆறு புள்ளிகளையும் வெறுமனே கூட்டி ஆறால் வகுத்திருந்தால் 7.50 வந்திருக்கும். செய்முறையில் பெற்ற முழுப்புள்ளி மகிழ்ச்சி தருவதே. எனினும் அதன் எடை ஒன்றே ஆதலால் சராசரியை அது பெரிதும் உயர்த்தவில்லை.

இம்மாணவி முதன்மைப் பாடம் ஒன்றில் ஒரு புள்ளி கூடுதலாகப் பெற்றிருந்தால் சராசரி 0.25 உயர்ந்திருக்கும். ஒரு கிரெடிட் பாடத்தில் ஒரு புள்ளி கூடினால் உயர்வு 0.05 மட்டுமே. கையில் இருக்கும் நேரத்தை எப்பாடத்துக்கு எவ்வளவு பகிர்ந்தளிப்பது என்னும் வினாவுக்கு இவ்வேறுபாடு விடை தருகிறது. அதே வேளையில், துணைப்பாடம்தானே என்று அலட்சியம் செய்து அதில் தோல்வியுற்று, அது சுழியமாகக் கணக்கிடப்பட்டால் சராசரி 6.50 ஆகச் சரியும். எடை குறைந்த பாடமும் கைவிடத்தக்கதன்று.

ஒட்டுமொத்தச் சராசரி

பருவந்தோறும் பெற்றவற்றையெல்லாம் இதே முறையில் ஒன்றுசேர்த்தால் கிடைப்பது ஒட்டுமொத்தத் தரப்புள்ளிச் சராசரி. ‘சி.ஜி.பி.ஏ.’ என மாணவரும் நிறுவனங்களும் குறிப்பிடுவது இதனையே. ஒரு செம்பு நீரில் இடும் சிட்டிகை உப்பு உடனே சுவையை மாற்றிவிடும். அதே சிட்டிகை நிறைந்த அண்டாவில் தெரியாது. அதுபோல், தொடக்கத்தில் எளிதில் ஏறி இறங்கும் இவ்வெண், கிரெடிட்டுகள் சேரச் சேர அசைய மறுக்கும்.

இதன் விளைவை ஒரு கணக்கால் உணரலாம். பருவத்துக்கு 20 கிரெடிட்டாக ஆறு பருவங்களில் 120 கிரெடிட் கொண்ட பட்டப்படிப்பு ஒன்றில், இறுதியில் 7.00 பெற விரும்பும் மாணவர் மொத்தம் 840 புள்ளிகள் ஈட்ட வேண்டும். அவர் முதற்பருவத்தில் பெற்றது 5.50, அதாவது 110 புள்ளிகள். எஞ்சிய ஐந்து பருவங்களில் அவர் 7.30 என்னும் சராசரியைப் பேணினால் போதும். விழித்துக்கொள்ளாமல் இரண்டாம் பருவத்திலும் 5.50 பெற்றால், பின்னர்த் தேவைப்படுவது 7.75. மூன்றாம் பருவமும் அவ்வாறே கழிந்தால் 8.50. நான்காம் பருவமும் கழிந்தால் 10.00, எஞ்சிய பாடம் ஒவ்வொன்றிலும் முழுப்புள்ளி பெற்றாக வேண்டும். ஐந்தாம் பருவமும் கழிந்தபின் 14.50 தேவைப்படும், பத்துப் புள்ளி அளவுகோலில் அஃது இயலாத ஒன்று.

இவ்வெண்கள் இரண்டு உண்மைகளை உணர்த்துகின்றன. முதற்பருவத்தில் சறுக்கியவர் மனம் தளர வேண்டியதில்லை என்பது ஒன்று. தமிழ்வழியில் பயின்று ஆங்கிலவழி வகுப்பில் அமர்வோர், குடும்பத்திலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்கு வருவோர், விடுதி வாழ்க்கைக்குப் புதியோர் ஆகியோருக்குத் தொடக்கத் தடுமாற்றம் இயல்பு. அதற்காகப் படிப்பையே கைவிட எண்ணுவோருக்கு, இன்னும் 7.30 போதும் என்னும் கணக்கு பெருந்துணையாகும். பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம் என்னும் எண்ணத்துக்கு விலை உண்டு என்பது மற்றொன்று. அவ்விலை பருவந்தோறும் ஏறுகிறது.

பேணும் வழிகள்

சராசரியைப் பேணுதல் இறுதித் தேர்வுக்கு முந்தைய இரவில் தொடங்குவதன்று. பல கலை அறிவியல் கல்லூரிகளில் 100 மதிப்பெண்ணில் 25 அகமதிப்பீட்டுக்கு உரியது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021ஆம் ஆண்டு விதிமுறையில் எழுத்துத்தேர்வுப் பாடங்களுக்கு அது 40 ஆகும். உரிய நாளில் ஒப்படைவைத் தருதல், இடைத்தேர்வுகளைத் தவறாது எழுதுதல் ஆகியவற்றால் இம்மதிப்பெண்ணைச் சேர்த்துக்கொள்ளலாம்.

‘அரியர்’ என மாணவர் வழங்கும் நிலுவைத் தேர்வுகளை அடுத்த வாய்ப்பிலேயே முடித்துவிடுதல் நன்று. தோல்வியுற்ற பாடத்தைச் சராசரியில் சேர்க்கும் முறை பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறுபடும். ஆயினும் நிலுவை தரும் சுமை எங்கும் ஒன்றே. அண்ணா பல்கலைக்கழகத்தில் தனிச்சிறப்புடன் கூடிய முதல் வகுப்புப் பெற, ஒட்டுமொத்தச் சராசரி 8.50க்குக் குறையாதிருப்பதோடு எல்லாப் பாடங்களிலும் முதல் முயற்சியிலேயே தேர்ச்சி பெற்றிருக்கவும் வேண்டும்.

தெரிந்து தெளிவோம்

தரப்புள்ளிச் சராசரியை 9.5ஆல் பெருக்கினால் விழுக்காடு கிடைக்கும் என்று பலர் கருதுகின்றனர். அவ்வாய்பாடு நடுவண் இடைநிலைக் கல்வி வாரியம் தன் பத்தாம் வகுப்பு மாணவருக்காக வகுத்தது. கல்லூரி மாணவர் தம் பல்கலைக்கழகம் அறிவித்த வாய்பாட்டையே விண்ணப்பங்களில் பயன்படுத்த வேண்டும்.

எண் காட்டாதவை

வளாக நேர்காணலுக்கு மாணவரை அழைக்கும் நிறுவனங்கள் பல, குறைந்த அளவு இவ்வளவு சராசரி வேண்டும் என வரையறுக்கின்றன. உயர்கல்விச் சேர்க்கையிலும் உதவித்தொகை வழங்கலிலும் இவ்வெண் கருதப்படுகிறது. ஆகவே இதனைப் புறக்கணித்தல் அறிவுடைமை ஆகாது. எனினும் வாயிலைத் திறப்பதோடு இதன் பணி பெரும்பாலும் முடிகிறது. உள்ளே நுழைந்தபின் பேசுவது கற்ற கல்வியே. புள்ளிக்காக எளிய விருப்பப் பாடங்களையே தேடிச் செல்பவர், தமக்குத் தேவையான கடினப் பாடத்தை இழந்துவிடுவர். பகுதிநேர வேலை பார்த்துக்கொண்டே 6.80 பெற்றவரின் உழைப்பையும், ஆய்வகத்தில் தோழருக்குப் பொறுமையாகக் கற்பித்தவரின் பண்பையும் எந்தப் பெருக்கலும் வகுத்தலும் வெளிக்காட்டுவதில்லை.

கணக்கை அறிந்தவர் எண்ணைக் கண்டு அஞ்சுவதில்லை. அதனிடம் மயங்குவதும் இல்லை. முதற்பருவத்தின் முதல் வாரத்திலேயே விதிமுறையைப் படித்து, பாடங்களின் எடையை அறிந்து, நாள்தோறும் சிறிது முயல்பவருக்குத் தரப்புள்ளி உழைப்பின் வழித்துணையாக அமையும்.

கற்பவை கற்றபின்...

1. 4, 4, 3, 3, 2 கிரெடிட் உடைய ஐந்து பாடங்களில் முறையே 8, 6, 9, 7, 10 தரப்புள்ளி பெற்ற மாணவரின் பருவச் சராசரியைக் கணக்கிடுக.

2. உங்கள் ஊரில் கல்லூரியில் பயிலும் ஒருவரைச் சந்தித்து, அவர்தம் கல்லூரியின் தரப்புள்ளி முறையைக் கேட்டறிந்து, பாடத்திலுள்ள முறையோடு ஒப்பிட்டு ஒரு பக்க அளவில் எழுதுக.

3. ‘மதிப்பெண் முறை – தரப்புள்ளி முறை: மாணவருக்கு ஏற்றது எது?’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடல் நிகழ்த்துக.