எச்சிலில் ஓடும் மின்சாரம்

சிஆர்2032. கார் சாவி, ரிமோட், எடை பார்க்கும் மெஷின், திறந்தால் பாடும் வாழ்த்து அட்டை போன்ற பலவற்றில் இருக்கும் பட்டன் பேட்டரியின் பெயர். கடைசி நான்கு எண்கள் அதன் அளவு: விட்டம் 20 மில்லிமீட்டர், தடிமன் 3.2. ஏறக்குறைய ஒரு ரூபாய் நாணயம். இதைவிடச் சிறியவை பெரும்பாலும் வயிற்றுக்கு இறங்கி மலத்தோடு வந்துவிடும். இந்த அளவு இருந்தால் சிறு குழந்தையின் உணவுக்குழாயில் சிக்கிக்கொள்ளும்.

நாணயம் சிக்கினால் அது அடைப்பு மட்டும்தான். பேட்டரி சிக்கினால் அங்கே ஒரு மின்சுற்றே தொடங்கிவிடுகிறது. ஈரமான உணவுக்குழாய்ச் சுவர் இரண்டு முனைகளையும் தொடுகிறது. எச்சிலில் உப்பு இருப்பதால் மின்சாரம் பாய்கிறது. எதிர்முனைப் பக்கம் நீர் சிதைந்து ஹைட்ராக்சைடு சேர்கிறது. பாத்ரூம் அடைப்பு நீக்கப் போடுகிறோமே காஸ்டிக் சோடா, அதிலுள்ள அதே காரம்தான். அது சதையின் கொழுப்பைச் சோப்பாக்கும், புரதத்தைக் கரைக்கும். பேட்டரி உடைய வேண்டாம், கசிய வேண்டாம். ஈரமான இறைச்சித் துண்டின் மேல் ஒன்றை வைத்துப் பார்த்தால் சிறிது நேரத்திலேயே ஓரத்தில் நுரை கட்டும், பிறகு அந்த இடம் கறுத்துப்போகும். குழந்தையின் தொண்டைக்குள் 2 மணி நேரத்தில் ஆழமான புண் விழுந்துவிடும். வெளியே எடுத்த பிறகும் அந்தப் புண் ஆழமாகிப் பெரிய ரத்தக்குழாயை எட்டி, உயிரைப் பறித்ததுண்டு.

‘தீர்ந்துபோன பேட்டரிதானே’ என்று மட்டும் நினைக்காதீர்கள். நீரைப் பிரிக்க 1.23 வோல்ட் இருந்தால் போதும். புதிதில் 3 வோல்ட் தரும் இந்த லித்தியம் பேட்டரி, ரிமோட்டுக்கு உதவாமல் போன பிறகும் அதற்குமேல் வைத்திருக்கும்.

விழுங்கியதை யாரும் பார்க்காவிட்டால்தான் பெரிய சிக்கல். எச்சில் வடியும், சாப்பிட மறுக்கும், இருமும். சளி என்று நினைத்துவிடுவோம். எக்ஸ்ரேயில் நாணயம் ஒற்றை வட்டமாகத் தெரியும், பேட்டரிக்கு உள்ளே இன்னொரு வளையம் தெரியும். அது தெரிந்ததும் எண்டோஸ்கோப்பி மூலம் உடனே எடுத்தாக வேண்டும்.

நம் வீடுகளில் முதலில் செய்வது வாழைப்பழம் ஊட்டுவது, உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது. இரண்டும் கூடாது. தேன் மட்டும் விதிவிலக்கு. 2018-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பன்றிக்குட்டிகளின் உணவுக்குழாய்ப் புண்ணைத் தேன் மட்டுப்படுத்தியது. பேட்டரியைப் பூசி மறைத்து, காரத்தையும் ஓரளவு தணிக்கிறது. குழந்தைக்கு ஒரு வயது தாண்டியிருந்து, விழுங்கி 12 மணி நேரத்துக்குள் இருந்து, விழுங்கவும் முடிந்தால், 10 நிமிடத்துக்கு ஒருமுறை 2 டீஸ்பூன், அதிகபட்சம் 6 முறை தரலாம் என்கிறார்கள் அங்குள்ள விஷமுறிவு நிபுணர்கள். ஒரு வயதுக்குக் கீழே தேன் ஆபத்து. தேன் தேடி நேரத்தைக் கழிக்க வேண்டாம். 108-ஐ அழைத்து, எண்டோஸ்கோப்பி வசதியுள்ள மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

இன்றே வீட்டிலுள்ள ரிமோட்டுகளைத் திருப்பிப் பாருங்கள். பேட்டரி மூடியில் ஸ்க்ரூ இல்லையென்றால் டேப் ஒட்டுங்கள். கழற்றிய பேட்டரியை இருபுறமும் டேப் சுற்றி, குழந்தைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.