மேட்டுக்குப் பாயும் மருத்துவம்

தண்ணீர் பள்ளத்தை நாடும். பள்ளிச் சிறுவனும் அறிவான். ஆனால், தோழர்களே, மருத்துவம் மட்டும் மேட்டை நோக்கியே பாய்கிறதே, கவனித்ததுண்டா? நோயால் நொந்து கிடப்போர் நிறைந்த தெருவிலே டாக்டரைக் காணோம். பஞ்சணையில் சாய்ந்தபடி "பசியே எடுப்பதில்லை" என்று அலுத்துக்கொள்ளும் சீமான் வீட்டு வாசலிலோ, டாக்டர் கார் ஒன்றுக்கு இரண்டாய் நிற்கிறது!

இதை நான் மேடையேறிச் சொன்னால் "கட்சிக்காரன் பேச்சு" என்பார்கள். என்னை விடுங்கள்; ஜூலியன் டியூடர் ஹார்ட் என்ற டாக்டரைக் கேட்கட்டும். லண்டனில் பிறந்தவர், கேம்பிரிட்ஜில் பயின்றவர். நினைத்திருந்தால், கனவான்களின் நாடி பிடித்தே காசு குவித்திருக்கலாம். 1961-ல் அவர் போய்ச் சேர்ந்ததோ, தெற்கு வேல்ஸ் பள்ளத்தாக்கிலே கிளின்கோருக் என்னும் நிலக்கரிச் சுரங்கக் கிராமம். அன்று சுமார் 2000 பேர் வாழ்ந்த ஊர். சுரங்கம்தான் சோறு போட்டது. சுரங்கத் தூசிதான் நெஞ்சையும் அரித்தது. 1970-ல் சுரங்கத்தை மூடினார்கள். நோயை மூட முடியவில்லை!

அடுத்த ஆண்டு, 'லான்செட்' மருத்துவ இதழில் ஹார்ட் ஒரு கட்டுரை எழுதினார். நல்ல மருத்துவம் எங்கே மிகுதியாகத் தேவையோ, அங்கேதான் அது குறைவாகக் கிடைக்கிறது என்றார். அதற்குத் தலைகீழ்ப் பராமரிப்பு விதி என்று பெயர் வைத்தார். உழைப்பாளர் வாழும் பகுதியிலே ஒரு டாக்டர் தலையில் ஏராளமான நோயாளிகள், இற்றுப்போன கட்டடம், ஆஸ்பத்திரியின் துணையும் அற்பம். மருத்துவத்தை எவ்வளவுக்குச் சந்தையின் கையில் விடுகிறோமோ, அவ்வளவுக்கு இந்த அநீதி கொழுக்கும் என்று காரணத்தையும் கூறினார்.

எந்த நாட்டிலே இந்த நிலை? 1948-லேயே கட்டணமில்லா மருத்துவம் கண்ட பிரிட்டனிலே! அதைக் கொண்டுவந்த அமைச்சர் அனைரின் பெவன், 13 வயதில் சுரங்கத்தில் இறங்கிய வேல்ஸ்காரர். கட்டணத்தை ஒழித்தார். பெரிய வெற்றி, மறுப்பாரில்லை. ஆனால், கதவு திறந்து கிடந்தும் தொழிலாளி உள்ளே வரவில்லையே, ஏன்? வலித்தால்தானே வருவான்! இரத்தக் கொதிப்பு வலிக்காது. ஆண்டுக்கணக்கில் ஓசையின்றி உள்ளே இருக்கும். ஒருநாள் மூளையிலோ இதயத்திலோ பாயும். "நேற்றுவரை நன்றாகத்தானே இருந்தார்" என்று ஊர் பேசும். இந்தப் பேச்சை நாமும் எத்தனை இழவு வீட்டில் கேட்டிருக்கிறோம்!

ஹார்ட் வருகிறவருக்காகக் காத்திருக்கவில்லை. ஊரிலுள்ள வயது வந்தோர் ஒவ்வொருவருக்கும் இரத்த அழுத்தம் அளந்துவிடுவது என்று 1960-களின் இறுதியில் இறங்கினார். இருமலுக்கு மருந்து கேட்டு வந்தவரின் கையிலும் பட்டையைச் சுற்றினார். வராதவரைத் தேடினார். கொதிப்பு உள்ளவர் யார், மருந்து சாப்பிடுகிறாரா, மறுபடி வந்தாரா என்று பெயர் பெயராகக் குறித்து வைத்தார். அவர் மனைவி மேரியும் அந்த ஆராய்ச்சியில் உடன் உழைத்தார். ஒரு வேடிக்கை: ஹார்ட் கம்யூனிஸ்டு வேட்பாளராகப் பாராளுமன்றத் தேர்தலிலும் நின்றவர். வாக்குக் கேட்டபோது கையை விரித்தவர்கள், இரத்த அழுத்தம் பார்க்க அதே கையை அவரிடம் நீட்டினார்கள்!

பக்கத்திலே பிளேன்குவின்வி என்று இன்னொரு சுரங்கக் கிராமம். அங்கேயும் டாக்டர் உண்டு, கட்டணமும் இல்லை; இந்தத் தேடல் மட்டும் இல்லை. 1980-களில் இரண்டு ஊரின் சாவுக் கணக்கையும் ஒப்பிட்டார்கள். 65 வயதுக்கு முன்பே மடிவது கிளின்கோருக்கில் ஏறத்தாழ 30 சதவிகிதம் குறைவு. அற்புத மருந்து எதுவும் அங்கே போகவில்லை. போனது, அளக்கும் கருவியும் ஒரு பேரேடும்தான்.