பூலாம்பட்டியில் படகு ஓடுமா? ஆற்றைக் கேட்காதீர்கள், மின்வாரியத்தைக் கேளுங்கள்

ஆடி 18க்கு ஒரு வாரம்கூட இல்லை. தம்மம்பட்டி, கெங்கவல்லி, முள்ளுக்குறிச்சிப் பக்கமிருந்து வரும் வாசகர் கடிதங்களில் பாதி ஒரே கேள்வியைத்தான் சுற்றுகின்றன: பெருக்கன்று பூலாம்பட்டியில் படகு ஓடுமா, ஓடாதா? ஒகேனக்கல்லில் பரிசலுக்குத் தடை என்று டிவியில் பார்த்த ஒருவர், பேசி வைத்திருந்த வேனையே வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். மேட்டூர் கால்வாயில் தண்ணீர் திறந்த செய்தியைப் படித்த இன்னொருவர், “ஆத்துல வெள்ளம் வந்துருமா சார்?” என்று கேட்டிருக்கிறார். மூன்றாமவரின் குழப்பம் நேர் எதிர்: அணை நிரம்பிவிட்டால் தண்ணீர் நிறைய வரும், படகுக்கு நல்லதுதானே?

நல்லதே இல்லை. அணை நிரம்பி வழியத் தொடங்கினால் முதலில் நிற்பது படகுதான். இது ஏன் என்று புரிந்துவிட்டால் மற்ற கடிதங்களுக்கும் பதில் கிடைத்துவிடும். எனவே எந்த பஸ், ராசிபுரம் வழியா சேலம் வழியா, சாப்பாடு எங்கே என்பதையெல்லாம் போய்வந்தவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நேராகத் தண்ணீருக்கு வருவோம்.

பூலாம்பட்டிக்குக் ‘குட்டி கேரளா’ என்று ஒரு பட்டம் உண்டு. பரந்த நீர்ப்பரப்பு, அக்கரையில் தென்னை, பின்னால் மலை, குறுக்கே போகும் விசைப்படகு. சினிமாக்காரர்கள் கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்ததில் வியப்பில்லை. ஆனால் ‘இயற்கை எழில்’ என்று அறிவிப்புகளிலும் வீடியோக்களிலும் வரும்போதுதான் சற்று நெருடுகிறது. மலையும் தென்னையும் இயற்கைதான், ஒப்புக்கொள்ளலாம். அந்த அசையாத நீர்ப்பரப்பு மட்டும் மின்வாரியம் கட்டியது. மேட்டூருக்குக் கீழே காவிரி இயல்பாக இப்படிக் கிடக்கிற ஆறு இல்லை. பாறையும் மணல்திட்டும் சரிவுமாக ஓடுகிற ஆறு. ஆற்றை மறித்து ஷட்டர் வைத்துக் கட்டிய கதவணை இல்லாவிட்டால் கோடையில் பூலாம்பட்டிக்காரர்கள் பல இடங்களில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தே அக்கரை போயிருப்பார்கள்.

1980களின் கடைசியில் மேட்டூருக்குக் கீழே செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டை என்று ஆற்றின் குறுக்கே வரிசையாக நான்கு கதவணைகள் வந்தன. ஒவ்வொன்றிலும் 15 மெகாவாட் இயந்திரம் இரண்டு. நான்கும் சேர்ந்து 120 மெகாவாட். அனல்மின் நிலையத்தோடு ஒப்பிட்டால் இது சின்ன எண்தான். அதற்குப் பின்னால் உள்ள யோசனைதான் கெட்டிக்காரத்தனமானது. மேட்டூர் அணை மின்நிலையத்திலும் சுரங்க மின்நிலையத்திலும் ஒருமுறை மின்சாரம் கொடுத்துவிட்டு டெல்டாவுக்குக் கிளம்புகிற அதே தண்ணீரை, வழியில் ஒவ்வொரு வாசலிலும் நிறுத்தி மறுபடி வேலை வாங்குவது. ஒரு சொட்டும் குறையாது. தஞ்சாவூர்க்காரருக்குப் போக வேண்டியது போய்க்கொண்டே இருக்கும்.

இதற்குப் பெரிய உயரம் தேவையில்லை. அணை என்றால் நூறடி உயரத்திலிருந்து விழும் நீர்தான் நம் கண்முன் வரும். கதவணையில் மேல்பக்க நீருக்கும் கீழ்பக்க நீருக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மாடி வீட்டு உயரம்தான். இவ்வளவு குறைந்த உயரத்தில் மின்சாரம் எடுக்கத் தனி வகை இயந்திரம் இருக்கிறது. ஜெனரேட்டரை ஒரு குமிழ்போன்ற இரும்புக் கூட்டுக்குள் அடைத்து, அந்தக் கூட்டையே தண்ணீர் ஓடும் குழாய்க்குள் படுக்கவைத்துவிடுவார்கள். சுற்றிலும் ஆறு ஓட, நடுவில் மின்சாரம் உற்பத்தியாகும். உயரம் குறைவு என்பதால் அளவில் ஈடுகட்ட வேண்டும். 30 மெகாவாட்டையும் முழுசாக எடுக்க வேண்டுமானால் வினாடிக்கு ஏறத்தாழ 20 ஆயிரம் கன அடி தண்ணீர் இயந்திரங்களுக்குள் போயாக வேண்டும்.

படகு வருவது இங்கேதான். இயந்திரம் ஒழுங்காக ஓட மேல்பக்க நீர்மட்டம் ஏறாமல் இறங்காமல் ஒரே அளவில் நிற்க வேண்டும். மட்டம் ஓரடி இறங்கினாலும் மின்சாரம் குறையும். ஏறினால் கரையோர வயலும் வீடும் நனையும். ஆகவே வருகிற தண்ணீருக்கு ஏற்ப இயந்திரத்தைக் கூட்டிக் குறைத்து, தேவைப்பட்டால் ஷட்டரைக் கொஞ்சம் தூக்கி, மட்டத்தை அதே கோட்டில் பிடித்து வைக்கிறார்கள். மேட்டூரில் 5 ஆயிரம் கன அடி திறந்தாலும் 15 ஆயிரம் திறந்தாலும் பூலாம்பட்டிப் படித்துறையில் நனைகிற படி ஏறக்குறைய அதே படிதான். டிவிஎஸ் 50யைப் பலகை வைத்து உருட்டி ஏற்றி, ஸ்டாண்டு போட மனமில்லாமல் ஹேண்டில்பாரைப் பிடித்தபடியே அக்கரை வரை நிற்கிறாரே ஒருவர், அவருக்கு வண்டி சாயாத ஆறு கிடைத்தது அந்த ஷட்டர்களின் தயவில்தான். யாரும் அவருக்காக இதைச் செய்யவில்லை. மின்சாரத்துக்காகச் செய்ததில் அவருக்கு ஒரு துறை கிடைத்தது.

எனவே அணையில் தண்ணீர் குறைவு என்ற செய்தியைப் பார்த்துப் பயணத்தைத் தள்ளிப் போடாதீர்கள். 2023ல் அணை வற்றிக்கொண்டே போய், அக்டோபரில் பாசனத்துக்குத் திறப்பதையே நிறுத்தினார்கள். அப்படிப்பட்ட காலத்திலும் கதவணையை மூடித் தேக்கிய நீர் தேங்கித்தான் இருக்கும்.

சிக்கல் அடுத்த முனையில் இருக்கிறது. இயந்திரங்கள் விழுங்குவதற்கு மேல் தண்ணீர் வந்தால்? மேட்டூரில் 16 கண் மதகு திறக்கப்படுகிறது. அதிகாரிகள் இதை ‘உபரிநீர்’ என்பார்கள், ஏதோ பந்தியில் மிஞ்சின சோறு மாதிரி. மிஞ்சினது சில நாளில் அசலைப்போல் ஐந்தாறு மடங்கு இருக்கும். 2024 ஜூலை 30 அன்று அணை 120 அடியைத் தொட்டது. சில நாளில் ஆடி 18 வந்தபோது வினாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தது. அவ்வளவையும் கதவணை தடுக்கப் பார்த்தால் கரை தாங்காது. ஷட்டர்களை எல்லாம் தூக்கிவிடுகிறார்கள். தூக்கிய அந்த நிமிடத்திலிருந்து அது கதவணை இல்லை, ஆற்றின் நடுவே நிற்கும் தூண்வரிசை. தேங்கிக் கிடந்த நீர் மறுபடி ஆறாகிவிடுகிறது.

நீர்மட்டம் பெரிதாக ஏறாமலேகூட இது நடக்கும் என்பதுதான் கவலை. கரையில் நிற்பவர் கண்ணுக்கு ‘தண்ணி அப்படியேதானே இருக்குது’ என்று தோன்றும். மாறியிருப்பது வேகம். படகு ஆற்றுக்குக் குறுக்கே போகிறது, தண்ணீர் பக்கவாட்டில் தள்ளுகிறது. இன்ஜின் ஓடுகிற வரை ஓட்டுபவர் மூக்கை மேற்பக்கம் திருப்பிச் சமாளித்துவிடுவார். நடு ஆற்றில் இன்ஜின் நின்றால்? கீழ்ப்பக்கம் இருப்பது திறந்த ஷட்டர்கள். சாதாரண நாளில் மிதந்து நின்றுவிடக்கூடிய கோளாறு, அன்றைக்குப் படகைத் தூண்களுக்கு இடையே இழுத்துக்கொண்டு போய்விடும். உபரிநீர் திறந்தவுடன் விசைப்படகை நிறுத்துகிற வழக்கத்துக்குக் காரணம் இதுதான். ‘ஆபிசர்ங்க சும்மா கெடுபிடி பண்றாங்க’ என்று ஒரு கடிதம் சொல்கிறது. இந்த ஒரு விஷயத்தில் நான் அதிகாரிகள் கட்சி.

ஆனால் அறிவிக்கும் விதத்தில் இல்லை. ‘கரையோர மக்கள் எச்சரிக்கையாக இருக்கவும்’, ‘எந்நேரமும் உபரிநீர் திறக்கப்படலாம்’, ‘பாதுகாப்பு கருதி’. இந்த வாக்கியங்களை வைத்துத் தம்மம்பட்டியில் இருப்பவர் வேன் பேசுவதா வேண்டாமா என்று எப்படி முடிவெடுப்பார்? எத்தனை கன அடி தாண்டினால் படகு நிற்கும் என்று ஓர் எண்ணைப் படித்துறையில் பெரிய எழுத்தில் எழுதிப் போடலாம். மேட்டூர் நீர்வரத்தும் திறப்பும்தான் காலை மாலை இரண்டு வேளையும் செய்தியில் வருகின்றனவே. படித்தவர் தானே கணக்குப் போட்டுக்கொள்வார்.

செய்தியில் வரும் எண்களைப் பார்க்கும்போது ‘நீர்வரத்தை’ விட்டுவிட்டுத் ‘திறப்பை’ப் பாருங்கள். ஒகேனக்கல் குழப்பத்துக்கு விடை இதில்தான் இருக்கிறது. ஒகேனக்கல் அணைக்கு மேலே இருக்கிறது. கர்நாடகத்திலிருந்து வருவது தடுப்பில்லாமல் அங்கே பாய்கிறது. அணை பாதி காலியாக இருந்தால், ஒகேனக்கல்லில் பரிசல் நிற்கிற அளவு வெள்ளம் வந்தாலும் மேட்டூர் அதை வாங்கி வைத்துக்கொள்ளும், பூலாம்பட்டியில் படகு ஓடிக்கொண்டிருக்கும். அணை ஏற்கெனவே நிரம்பியிருந்தால் வருவதை அப்படியே கீழே தள்ள வேண்டியதுதான். 93 டி.எம்.சி. கொள்ளளவில் எவ்வளவு இடம் பாக்கி என்பதே கேள்வி. 2025ல் ஜூன் 29ஆம் தேதியே அணை நிரம்பிவிட்டது. அப்படிப்பட்ட ஆண்டில் ஒகேனக்கல் செய்தியைக் கவனிக்கத்தான் வேண்டும். மேட்டூரில் திறந்த தண்ணீர் பூலாம்பட்டிக்கு வந்து சேரச் சில மணி நேரம் பிடிக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காலைச் செய்தியில் நல்ல எண் வந்தது என்று மத்தியானம் போய் நின்று சண்டை போடாதீர்கள்.

ஆகஸ்ட் முதல் தேதி வாக்கில் திறக்கிற கிழக்கு, மேற்குக் கால்வாய்த் தண்ணீர் இந்தக் கணக்கிலேயே வராது. அது ஆற்றுக்குள் வராமல் தனி வழியில் வயலுக்குப் போகிறது.

வெள்ளமும் இல்லை, வறட்சியும் இல்லை, ஆனாலும் படகு இல்லை என்ற நாளும் உண்டு. கதவணைப் பராமரிப்புக்காகத் தேக்கத்தை வடித்துவிடும் நாள்கள். ஷட்டரைத் திறந்து நீரை வெளியேற்றி அடிப்பகுதியைச் சரிபார்ப்பார்கள். கடல்போல் இருந்த இடத்தில் பாறை தலைகாட்டும், ஊரே மீன் பிடிக்க இறங்கிவிடும். படிப்புக்கும் சந்தைக்கும் தினமும் படகில் அக்கரை போகிறவர்கள் அந்த நாள்களில் ஊரைச் சுற்றிப் போக வேண்டும். ஒரு சேலம்–ஈரோடு போக்குவரத்து வழியின் திறப்பும் மூடலும் மின்வாரியப் பராமரிப்புப் பட்டியலில் இருக்கிறது. அந்தப் பட்டியலைப் போடுகிறவர்களுக்குப் படகு ஒரு பொருட்டாகவே இருக்க வேண்டியதில்லை. சுற்றுலாத் தலமாக்கப் போகிறோம் என்பவர்கள் முதலில் பதில் சொல்ல வேண்டியது இதற்குத்தான். பூங்காவும் செல்ஃபி பாயின்ட்டும் அப்புறம் வரட்டும்.

மற்ற கேள்விகளைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன்.

படகில் எத்தனை பேர் ஏறலாம்? எழுதியிருக்கிற எண்ணுக்கு ஒருவர்கூட அதிகம் வேண்டாம். எழுதாத படகில் ஏறவே வேண்டாம். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் 45 பேர் இறந்த விபத்திலும், 2023 மே 7 அன்று தானூரில் 22 பேர் இறந்த விபத்திலும் அளவுக்கு மீறித்தான் ஆள் ஏற்றியிருந்தார்கள். கொச்சி வாட்டர் மெட்ரோவில் வாயிலிலேயே ஆளை எண்ணிவிடுகிறார்கள். இங்கே நீங்கள்தான் எண்ண வேண்டும்.

லைஃப் ஜாக்கெட் அழுக்காக இருக்கிறதே? மாட்டிக்கொள்ளுங்கள், பக்கிளையும் போடுங்கள்.

சேலத்துக்குள்ளேயே திருமணிமுத்தாற்றில் படகு விட்டால் என்ன? முதலில் சாக்கடையை நிறுத்த வேண்டும். சென்னையில் 1973ல் கருணாநிதி ஆட்சியில் கூவத்தில் படகு விட்டார்கள். படகுத் துறைகளுக்குக் கடையேழு வள்ளல்களின் பெயர். நம் கொல்லிமலை ஓரிக்கும் அதில் ஓர் இடம் கிடைத்தது. முகத்துவாரத்தை மணல் அடைத்தது, கழிவு நீர் வந்தது, படகு போனது. ஓரிக்கு ஆடியில் செம்மேட்டில் நடக்கிற விழாவே போதும்.

தம்மம்பட்டி சுவேத நதியில்? வருடத்தில் எத்தனை நாள் தண்ணீர் ஓடுகிறது என்று உங்களுக்கே தெரியும்.

முளைப்பாரியைப் படகில் கொண்டுபோய் நடு ஆற்றில் விடலாமா? கரையிலேயே விடுங்கள், குனிகிற பக்கம் படகு சாயும்.

படகு இல்லையென்றால்? ஏற்காடு ஏரி இருக்கிறது, பெருக்கன்று கூட்டம் மட்டும் சொல்லி மாளாது.

வண்டியை ஏற்றலாமா? ஏற்றலாம், இறங்கி நின்று பிடித்துக்கொள்ள வேண்டும்.

திரும்ப கடைசிப் படகு எத்தனை மணிக்கு? போகும்போதே ஓட்டுபவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், இருட்டினபின் ஏறாதீர்கள்.