அனந்தன் நாயர் சொல்வதை அப்படியே நம்பலாமா?

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டை வாசலைத் தாண்டி உள்ளே போனால் பத்மதீர்த்தக் குளத்துக்கு எதிரே மேத்தன் மணி என்ற கடிகாரம் இருக்கிறது. மணி அடிக்கும்போது தாடிக்காரப் பொம்மை வாயைத் திறக்கும். இரண்டு கிடாக்கள் வந்து அதன் கன்னத்தில் முட்டும். அதைப் பார்க்கக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு நிற்பவர்கள் உண்டு. நீல பத்மநாபனின் ‘பள்ளிகொண்டபுரம்’ நாவலில் அனந்தன் நாயர் அலைவதும் இந்த ஊரில்தான். அவருக்கு ஐம்பதாவது பிறந்தநாள். மனைவி கார்த்தியாயினி அவரைவிட்டுப் போய்ப் பல வருடங்கள் ஆகிவிட்டன. கோயிலும் தெருவுமாகச் சுற்றிக்கொண்டே பழையதையெல்லாம் நினைத்துப் பார்க்கிறார்.

கதைச்சுருக்கம் கேட்டால் எந்த மாணவரும் இதை நாலு வரியில் எழுதிவிடுவார். நம் தேர்வுத்தாள்கள் பெரும்பாலும் கேட்பதும் அதுதான்: கதையைச் சுருக்கி எழுதுக, அது உணர்த்தும் நீதி யாது? அந்த நாலு வரியில் கார்த்தியாயினி வெறும் ‘ஓடிப்போன மனைவி’ ஆகிவிடுகிறாள். அப்படிச் சொல்வது யார்? அவளைப் பற்றி நமக்குத் தெரியவருவதில் பெரும்பகுதி அனந்தன் நாயரின் மனம் வழியாக வருகிறது. அடிபட்ட மனம் அது. அவர் எதைத் திரும்பத் திரும்ப நினைக்கிறார், எதைச் சட்டென்று தாண்டிப் போகிறார், எந்த இடத்தில் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொள்கிறார் என்று பார்த்துக்கொண்டே போனால், அந்த வீட்டில் அவள் எப்படி வாழ்ந்திருப்பாள் என்ற கேள்வி தானாக எழும். அது எழாதவரை நாவலைப் படித்ததாக நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஊர் வர்ணனையையும் இப்படித்தான் படிக்க வேண்டும். அனந்தன் நாயருக்குத் துயரமாகத் தெரிகிற அதே கோயில் வாசல், அதே குளப்படி, முதல்முறை சாமி கும்பிட வந்த குடும்பத்துக்குத் திருவிழாவாகத் தெரியும். துயரம் கல்லில் இல்லை, பார்க்கிறவரிடம் இருக்கிறது.

கோட்டைக்கு வெளியே வந்தால் சாலைக் கடைத்தெரு. ஆ. மாதவன் (1934–2021) அங்கே கடை நடத்தியவர். கண்ணெதிரே நடமாடிய மனிதர்களைக் கொண்டு ‘கடைத்தெருக் கதைக’ளை எழுதினார். அவரைப் படிக்க இன்னும் நிதானம் வேண்டும். ‘எட்டாவது நாள்’ கதையின் சாளைப் பட்டாணி நல்லவனா, கெட்டவனா என்று கேட்டால் கதை கைநழுவிப் போகும். மாதவன் தீர்ப்பு எழுதித் தருகிறவர் இல்லை. பாத்திரங்களின் பேச்சிலும் மலையாள வாடை தூக்கல். மதுரைக்காரருக்கு முதல் பக்கங்களில் தடுக்கும். அகராதியைத் தேட வேண்டாம். யார் யாரிடம் பேசுகிறார், கோபமா குழைவா என்று கவனித்தால் நாலைந்து பக்கத்தில் பிடிபட்டுவிடும். சொல்லப்பட்டதைக் கொண்டு சொல்லாததை எட்டிப்பிடிக்கிற பழக்கம் இப்படித்தான் வருகிறது.

வகுப்பில் இதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். மாதவனின் ‘பாச்சி’யை எடுத்துக்கொள்ளலாம். பாச்சி ஒரு நாய். அதன் சாவும் ஒரு மனிதனின் துக்கமும்தான் கதை. ஆசிரியர் அதை உரக்க வாசித்து, பாதியில் நிறுத்தி, “இதுவரை அவன் வாய்விட்டுச் சொல்லாதது என்ன?” என்று கேட்கட்டும். பதில் சொல்கிற பிள்ளை, எந்த வரியை வைத்து அப்படிச் சொல்கிறாள் என்று புத்தகத்தில் விரல் வைத்துக் காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் அது வெறும் ஊகம். காட்ட முடிந்தால், இரண்டு பிள்ளைகள் இரண்டு விதமாகச் சொன்னாலும் இரண்டு பேருக்கும் முழு மதிப்பெண் போடலாம்.