வெயிலுக்கு கெட்டி ஆயில் ஊத்தினா என்ஜின் தாங்குமா? கார், வேன் டிரைவர்கள் தெரிஞ்சுக்க வேண்டிய விஷயம்

திருப்புல்லாணி:

ராமநாதபுரத்தில் இருந்து கீழக்கரை போகும் வழியில் சுமார் 10 கி.மீ. தூரத்தில் இருக்கிறது திருப்புல்லாணி. ஆதிஜெகநாத பெருமாள் கோவில், பக்கத்திலேயே சேதுக்கரை கடல் என்று வெளியூர் வண்டிகள் வந்தபடியே இருக்கும். ஆடி அமாவாசை, தை அமாவாசை வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். தேவிபட்டினம், திருப்புல்லாணி, சேதுக்கரை, ராமேசுவரம் என்று வாடகை கார்களும் வேன்களும் ஓயாமல் ஓடும்.

இப்படி ஓடும் வண்டிகளுக்கு ஆயில் மாற்றும்போது அடிக்கடி காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு. "நம்ம ஊரு வெயிலுக்கு தண்ணி மாதிரி ஆயில் தாங்காதுண்ணே. கெட்டியா பார்த்து ஊத்துங்க" என்பதுதான் அது. அம்பாசிடர் ஓடிய காலத்தில் இதில் நியாயம் இருந்தது. இன்றைய கார்களில் இதையே செய்தால் என்ஜினுக்கு கேடு.

மாசம் தவறாமல் டியூ கட்டும் டிரைவருக்கு சீசன் நேரத்தில் என்ஜினில் வேலை வைத்தால் இரட்டை அடி. மெக்கானிக்குக்கு கொட்டி அழவேண்டும். ஓட்டமும் போய்விடும். ஆயிலில் சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப்போய் பல ஆயிரம் ரூபாய் செலவை இழுத்துக்கொள்வது இப்படித்தான்.

டப்பாவில் உள்ள நம்பர் என்ன?

ஆயில் டப்பாவில் 5டபிள்யூ-30, 20டபிள்யூ-40 என்று போட்டிருப்பார்கள். இது எஸ்.ஏ.இ. என்ற அமெரிக்க என்ஜினீயர்கள் சங்கம் வகுத்த அளவு. 1911-ம் ஆண்டு முதல் நடைமுறையில் இருக்கிறது.

டபிள்யூ என்றால் ஆங்கிலத்தில் குளிர்காலம் என்பதன் முதல் எழுத்து. அதற்கு முன்னால் உள்ள நம்பர், என்ஜின் ஆறிக்கிடக்கும்போது ஆயில் எவ்வளவு சுலபமாக ஓடும் என்பதைச் சொல்கிறது. நம்பர் குறைய குறைய சீக்கிரம் ஓடும். கடைசி நம்பர், 100 டிகிரி சூட்டில் ஆயில் எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதற்கு. 20-ஐ விட 30 கெட்டி. 30-ஐ விட 40 கெட்டி.

"நம்ம ஊர்லதான் குளிரே கிடையாதே, முதல் நம்பர் எதுக்கு?" என்று கேட்கலாம். ஓடும் என்ஜினில் ஆயில் 100 டிகிரியை ஒட்டி சூடாகிறது. அதோடு பார்த்தால் 30 டிகிரியில் விடிகாலை நிற்கும் வண்டியின் என்ஜினும் ஆறிப்போன என்ஜின்தான். சாவி போட்ட சில விநாடிகளில் ஆயில் மேலே ஏறியாக வேண்டும். என்ஜின் தேய்மானத்தில் பெரும் பங்கு இந்த நேரத்தில்தான் நடக்கிறது. கெட்டி ஆயில் மெதுவாக ஏறும். அதுவரை இரும்போடு இரும்பு உரசும்.

வெளியில் அடிக்கும் வெயில்

கொடைக்கானலில் 15 டிகிரி, ராமநாதபுரத்தில் 38 டிகிரி என்றாலும் ஓடும் என்ஜினின் சூடு ஏறக்குறைய ஒன்றுதான். ரேடியேட்டர் தண்ணீரை 90 டிகிரி வாக்கில் வைத்துக்கொள்ள தெர்மோஸ்டாட் என்ற வால்வு இருக்கிறது. அதனால் வெயிலை மட்டும் பார்த்து ஆயிலை முடிவு செய்யக்கூடாது.

பழைய என்ஜின்களில் பாகங்களுக்கு நடுவே இடைவெளி அதிகம். அதற்கு 20டபிள்யூ-40, 20டபிள்யூ-50 மாதிரி கெட்டி ஆயில் தேவைப்பட்டது. புது என்ஜின்களில் இடைவெளி குறைவு, ஆயில் போகும் துளைகளும் சிறியவை. பல கார்களில் வால்வு திறக்கும் நேரத்தை மாற்றுவதே ஆயில் பிரஷர்தான். இவற்றுக்கு 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 என்று நிறுவனம் சொல்லியிருந்தால் அதைத்தான் ஊற்ற வேண்டும். கெட்டியாக ஊற்றினால் இழுவை குறையும், மைலேஜும் அடிவாங்கும்.

அதேபோல பழைய டீசல் வண்டியில் 0டபிள்யூ-20 ஊற்றுவதும் தப்பு. ஆயில் பிரஷர் விழும், ஆயில் எரிந்து குறையும்.

சரியான ஆயில் எது என்ற விடை வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் இருக்கிறது. சில புத்தகங்களில் வெளி வெப்பத்துக்கு ஏற்ப இரண்டு, மூன்று ஆயில்கள் அட்டவணையாக இருக்கும். அப்படி இருந்தால், நம்ம ஊர் வெயிலுக்கு அந்த அட்டவணையில் எது வருகிறதோ அதை எடுக்கலாம். புத்தகம் தொலைந்துவிட்டால் கம்பெனி சர்வீஸ் சென்டரில் வண்டி மாடல், வருஷம் சொல்லி கேட்டுக்கொள்ளலாம்.

எழுத்தையும் பாருங்க

நம்பர் சரியாக இருந்தால் மட்டும் போதாது. ஏ.பி.ஐ. என்று போட்டு பக்கத்தில் இரண்டு எழுத்து இருக்கும். எஸ் என்று தொடங்கினால் பெட்ரோல் என்ஜினுக்கு. சி என்று தொடங்கினால் டீசலுக்கு. பெட்ரோலில் எஸ்.என். 2010-லும், எஸ்.பி. 2020-லும், எஸ்.க்யூ. 2025-லும் வந்தவை. எஸ்.என். கேட்கும் வண்டிக்கு, நம்பர் சரியாக இருந்தால், எஸ்.பி. ஊற்றலாம். எஸ்.பி. கேட்கும் வண்டிக்கு பழைய எஸ்.என். ஊற்றக்கூடாது.

2020 ஏப்ரல் 1-ந்தேதி முதல் பி.எஸ்.-6 விதி அமலுக்கு வந்தது. அதற்குப் பிறகு வந்த டீசல் கார்கள் பலவற்றில் புகைக்கரியைப் பிடிக்கும் பில்டர் சைலன்சர் பக்கம் இருக்கிறது. இந்த வண்டிகளுக்கு சாம்பல் குறைவாக விடும் ஆயில் வேண்டும். கரி எரிந்துவிடும், ஆயில் விடும் சாம்பல் எரியாது. பழைய வகை ஆயில் ஊற்றினால் அந்த சாம்பல் சேர்ந்து பில்டர் அடைக்கும். அதை மாற்றுவது சாதாரண செலவு இல்லை.

இன்னொரு விஷயம். கார் ஆயிலில் மிச்சம் இருக்கிறது என்று பைக்கில் ஊற்றக்கூடாது. பெரும்பாலான பைக்குகளில் கிளட்சும் அதே ஆயிலில்தான் நனைகிறது. கார் ஆயில் பட்டால் கிளட்ச் வழுக்கும். கியர் உள்ள பைக்குக்கு ஜாசோ எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்று போட்ட ஆயில்தான் வாங்க வேண்டும்.

எத்தனை கி.மீ.க்கு ஒருமுறை?

பல பெட்ரோல் கார்களுக்கு 10 ஆயிரம் கி.மீ. அல்லது ஒரு வருஷம், எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றச் சொல்கிறார்கள். ஆனால் புழுதி ரோடு, குறுகிய தூர ஓட்டம், ஆட்களை இறக்கிவிட்டு ஏ.சி.யைப் போட்டபடி மணிக்கணக்கில் நிற்பது எல்லாம் கடினமான ஓட்டம் என்ற கணக்கில் வரும். சேதுக்கரையில் காத்துக்கிடக்கும் வண்டி கி.மீ. ஓடாது, என்ஜின் மட்டும் ஓடும். இப்படிப்பட்ட வண்டிகளுக்கு சீக்கிரமே ஆயில் மாற்ற வேண்டும் என்று புத்தகத்திலேயே தனியாக போட்டிருக்கும்.

கடற்கரை மணல் ஏர் பில்டரைத் தாண்டி உள்ளே போனால் பிஸ்டனையும் போரையும் கீறிவிடும். அதனால் ஏர் பில்டரை அடிக்கடி கழற்றிப் பார்க்க வேண்டும். ஆயில் மாற்றும்போது ஆயில் பில்டரையும் மாற்றிவிட வேண்டும்.

தினமும் பார்க்க வேண்டியது

வண்டியை சமதளத்தில் நிறுத்தி, என்ஜினை அணைத்து, சில நிமிஷம் கழித்து ஆயில் ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பாருங்க. இரண்டு கோட்டுக்கு நடுவில் ஆயில் இருக்க வேண்டும். மேல் கோட்டைத் தாண்டி ஊற்றினாலும் ஆபத்துதான். உள்ளே சுழலும் பாகம் ஆயிலை நுரையாக அடித்துவிடும்.

டீசல் வண்டியில் ஆயில் சீக்கிரம் கறுப்பாவது சாதாரணம். ஆனால் பால் கலந்த டீ மாதிரி இருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் கலக்கிறது என்று அர்த்தம். வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கை கூப்பிட வேண்டும். ஓடும்போது சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் ஓரம் கட்டி உடனே என்ஜினை அணையுங்க. "ராமநாதபுரம் போய் பார்த்துக்கலாம்" என்று ஓட்டினால் என்ஜின் பிடித்துவிடும்.

போலி ஆயில் உஷார்

பழைய ஆயிலை வடிகட்டி, பெரிய கம்பெனி டப்பாவில் அடைத்து விற்பவர்களும் இருக்கிறார்கள். சீல் உடையாத டப்பாவை பில்லோடு வாங்க வேண்டும். கண் முன்னால் திறந்து ஊற்றச் சொல்லுங்க. காலி டப்பாவை ஓட்டை போட்டு நசுக்கிவிட்டால் அது போலிக்காரன் கைக்கு போகாது.

இறக்கிய பழைய ஆயிலை வாய்க்காலிலோ மணலிலோ ஊற்றக்கூடாது. இந்தக் கரைக்கு எதிரே இருப்பது 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடா கடல் தேசிய பூங்கா. மீனவர்களின் பிழைப்பே அந்தக் கடல்தான். ஆயிலை கேனில் பிடித்து, பழைய ஆயில் எடுக்க அனுமதி பெற்றவர்களிடமோ சர்வீஸ் சென்டரிலோ கொடுத்துவிட வேண்டும்.